கப்பல் வராத துறைமுகம்

நான் இடம் காட்டிப் பிழைப்பவள். வீட்டுமனை, தோப்பு, வெற்றிலைக் கொடிக்கால், எதுவானாலும் சரி, விற்பவரையும் வாங்குபவரையும் ஒரே மரத்தடியில் உட்கார வைத்து, இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு எழுந்து போகும்படி செய்வது என் தொழில். எங்கள் பக்கத்தில் இது ஆண்கள் செய்கிற வேலை. நான் இதில் இறங்கியபோது, "பொம்பளைக்கு எதுக்குங்க இந்தப் புரோக்கர் பொழப்பு?" என்று கேட்டவர்கள் பலர். அவர்களில் மூன்று பேருக்கு நான்தான் வீடு முடித்துக் கொடுத்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய்க்கு ஒரு குறைவும் இல்லை.

அந்த வாய் பல வருடமாக ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் மறைத்து வந்தது. அது நான் பிறந்த இடம்.

பரமத்தி வேலூருக்கும் மோகனூருக்கும் நடுவே, காவிரிக் கரையில் இருக்கிறது எங்கள் பரிசல்துறை. இருபதுக்கும் சற்று மேலே வீடுகள். பாலம் வருவதற்கு முன்பு வெற்றிலைக் கட்டு, வாழைத்தார், ஆட்டுக்குட்டி, பெண் பார்க்கப் போகிற கூட்டம் என்று எல்லாமே எங்கள் ஆட்களின் பரிசலில் ஏறித்தான் அக்கரைக்குப் போகும். என் அப்பா அப்படிப் பரிசல் தள்ளியவர். பாதி தாலுகாவைச் சுமந்தவர் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஊருக்குள் எங்களுக்குப் பெயர் "தொறைக்காரங்க". அந்தச் சொல்லை அவர்கள் சொல்லும்போது மூக்கு லேசாகச் சுருங்கும். பள்ளிக்கூடத்தில் என் பாவாடையில் மீன் நாற்றம் அடிக்கிறதென்று ஒருத்தி தள்ளி உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் யாரும் மீன் பிடித்ததே கிடையாது.

என் கல்யாணப் பத்திரிகையில் ஊர் இருக்கும் இடத்தில் "பரமத்தி வேலூர் வட்டம்" என்று மட்டும் அச்சடிக்கச் சொன்னேன். துறையின் பெயரை நானே பென்சிலால் அடித்துவிட்டு அச்சகத்தில் கொடுத்தேன். அச்சாகி வந்த பத்திரிகையை அப்பா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். கேட்காததால் அது இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கிறது.

பரிசல் நின்றுபோனது பற்றி நான் கண்ணீர் வடிக்கப் போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாலம் வந்தது, பஸ் ஓடியது, அப்பாவுக்கு இடுப்பு வலி நின்றது. எங்களுக்கு நல்ல காலம் பிறந்ததே அதற்குப் பிறகுதான். அவர் வாழைத்தோட்டத்துக்குக் காவல் வேலை பார்த்தார். நான் நாமக்கல்லில், லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். அம்மா தவறிய பிறகு அப்பா தனியாக இருக்க வேண்டாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் துறைக்கே குடி வந்துவிட்டோம்.

அப்பா விடாமல் வைத்திருந்த பழக்கம் ஒன்றே ஒன்று. விடிந்ததும் துண்டைத் தோளில் போட்டு, சோப்பு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பிவிடுவார். எங்கள் வீடுகளுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு பெரிய தென்னந்தோப்பு. ரோட்டிலிருந்து அந்தத் தோப்புக்குள் நுழைந்து, ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்தில் ஒரு மண்பாதை துறைப்படி வரைக்கும் போகும். எண்பதை நெருங்கியும் அந்தப் பாதையில் அவர் செருப்புப் போட்டு நடந்ததில்லை. குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வருவார். காப்பி அதற்குப் பிறகுதான்.

தோப்புக்காரர் தோப்பை விற்க முடிவு செய்தபோது அதை முடித்துக் கொடுத்ததும் நான்தான். வாங்கியவர் சேலத்துக்காரர், பல இடத்தில் மனை போட்டு விற்றவர். நல்ல மனிதர், கைராசிக்காரர், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். அப்போது அவர் பிடித்திருந்தது துறைமுகம். வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனவர், அங்கே ஒரு துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்பைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். நீலத் தண்ணீர், வெள்ளைப் படகு, மேட்டில் வீடுகள்.

"அம்மணி, அங்கெல்லாம் சன்னலத் தொறந்தா தண்ணி தெரியோணும். தெரிஞ்சா ஒரு வெலை, தெரியலீன்னா ஒரு வெலை. நம்முளுக்கு என்னங்க கொறை? காவேரியே இருக்குது. ஹார்பர்னே பேரு வெச்சரலாம்" என்றார்.

"அண்ணா, கடல் எங்கீங்க இருக்குது, நாம எங்கீங்க இருக்கறோம்?" என்றேன்.

"தொறைன்னா ஹார்பர்தானுங்களே?" என்றார். மறு வாரம் தோப்பின் வாசலில் நங்கூரப் படம் போட்ட பலகை நின்றது. அப்பா அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "கப்பல் எப்ப கண்ணு வருது?" என்று கேட்டார். மூன்று நாள் நாங்கள் அதையே சொல்லிச் சிரித்தோம்.

விளம்பரத் தாள் ஒன்று வேண்டும் என்றார் சேலத்து முதலாளி. கோயம்புத்தூரில் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பார்த்தேன். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. மனை வாங்க வருகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நீலத் தண்ணீரும் வெள்ளைப் படகும் வேண்டாம். எருமப்பட்டிப் பக்கம், ராசிபுரம் பக்கம் ஆயிரம் அடிக்குப் போர் போட்டுத் தண்ணீருக்குப் பதில் மண்புகையைப் பார்த்தவர்கள் அவர்கள். தண்ணீர் என்ற சொல்லே அவர்களுக்குப் போதும். அதற்கும் மேலே ஒன்று உண்டு. பங்குனியில் அந்தப் பக்கத்து ஊர்களில் மாரியம்மன் திருவிழாவுக்கு நோன்பு சாட்டிவிட்டால், தீர்த்தம் எடுக்கக் காவிரிக்குத்தான் வருவார்கள். ஊருக்கு ஒரு துறை என்பது வழக்கம். எங்கள் துறைக்கு ஐந்தாறு ஊர்க்காரர்கள் வருவார்கள். ரோட்டில் மினி லாரியை நிறுத்திவிட்டு, மஞ்சள் துணியும் குடமுமாக, மேளத்தோடு தோப்புப் பாதையில் நடந்து இறங்குவார்கள். அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, "இதுக்கு மேல போகாதீங்க, சாமி" என்று கையை விரித்து எல்லை காட்டுவார். அவர் கைக்கு இந்தப் பக்கம்தான் குடம் முங்கும்.

அன்று சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்து நானே எழுதினேன். இருபதடியில் ஊறும் தண்ணீரைப் பற்றி எழுதினேன். கோடையிலும் வீசும் ஆற்றுக் காற்றைப் பற்றி எழுதினேன். கடைசியில், "தலைமுறை தலைமுறையாக ஊரார் தீர்த்தம் எடுக்க நடக்கும் பாதை, இனி உங்கள் வாசல் வழியே" என்று எழுதினேன். போன பங்குனியில் என் போனில் எடுத்த படத்தையும் கொடுத்தேன். அதில் குடங்களோடு ஒரு நூறு பேர் பாதையில் வருவார்கள். முதலாளி படித்தார். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையை நீட்டி என்னிடமே காட்டினார்.

"இந்தப் பாதைங்கற வரி இருக்குது பாருங்க, இதச் சின்ன எழுத்துல போட்டா எவனுங்க படிப்பான்? பெருசாப் போடச் சொல்லுங்க அம்மணி" என்றார். பெரிதாகவே போட்டோம்.

மனைகள் சந்தையில் வெற்றிலை போவதுபோல் போயின. முதலில் வந்தவர் எருமப்பட்டிப் பக்கத்து ரிக் வண்டி முதலாளி. ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாகப் போர் போட்டவர். தோப்புக் கிணற்றடியில் நின்று எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இது நெசமாலுமே ஊத்துத் தண்ணிங்களா, லாரியில கொண்டாந்து ஊத்துனதுங்களா?" என்று கேட்டார். நான் வாளியை இறக்கித் தூக்கி அவர் கையில் ஊற்றினேன். குடித்துவிட்டு மறுபடியும் கையை ஏந்தினார். பிறகு விளம்பரத் தாளில் இருந்த படத்தில் விரலை வைத்து, "இது எங்கூட்டு அம்மா. இந்தக் கொடம் எங்கூட்டுக் கொடமுங்க" என்றார். அன்றே முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். பாதையை ஒட்டிய மனைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்.

முக்கால்வாசி மனை விற்ற பிறகு வந்தது வினை. புதிதாக வாங்கிய சிலர், கேட் போட்ட குடியிருப்பு என்றால்தான் மதிப்பு, கண்டவர்களும் உள்ளே வந்து போனால் என்ன கௌரவம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்கள். அவரும் தலையாட்டிவிட்டார். ஒரு மார்கழிக் காலையில் பாதையின் வாயில் இரும்புச் சங்கிலி தொங்கியது. பக்கத்தில் நாற்காலி போட்டு, நீலச் சட்டை போட்ட காவலாளி ஒருவர். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், புதியவர். அவருக்கு யாரையும் தெரியாது.

அப்பா துண்டோடு போயிருக்கிறார்.

"யாருய்யா வேணும்? இது பிரைவேட் ரோடு. உள்ள வுட மாட்டோம்" என்றிருக்கிறார் அந்தக் காவலாளி.

இதை எனக்குச் சொன்னது அடுத்த வீட்டுக்காரி. அப்பா சொல்லவில்லை. போன கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்தார். தோளில் துண்டு காய்ந்தே இருந்தது. கொல்லையில் குழாயைத் திறந்து, பிளாஸ்டிக் வாளியில் பிடித்து, சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டார். நான் பின்கதவில் நின்று பார்த்தேன். ஆற்றை நீந்திக் கடந்த உடம்பு அந்த வாளிக்கு முன்னால் குறுகி உட்கார்ந்திருந்தது. முதலாளி மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் அதிகம். தோப்பை விற்றுக் கொடுத்தவள் நான். வாங்க வந்தவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வந்தவளும் நான். அப்பன் பாதையை மகளே அடைத்தாள் என்று ஊர் பேசினால் அதில் தப்பொன்றும் இல்லை.

அன்றே முதலாளியைப் போய்ப் பார்த்தேன். காப்பி கொடுத்தார். சிரித்துக்கொண்டே, "பாதைன்னு எங்கீங்க இருக்குது அம்மணி? ஸ்கெட்ச்ல காட்டுங்க, இப்பவே தொறந்து உடறேன்" என்றார்.

கிராம நிர்வாக அலுவலகத்தில் போய்ப் புல வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பாதை இல்லை. தோப்பு முழுவதும் ஒரே பட்டா. ஆற்றுக்குப் போகிற பாதையைப் பதிவு செய்ய வேண்டும் என்று எங்கள் ஆட்களில் எவருக்குத் தோன்றும்? நடக்கிற பாதைக்குக் காகிதம் எதற்கு என்று இருந்துவிட்டார்கள். ஊரான் நிலத்துக்கெல்லாம் நான்கு எல்லை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவள், என் வாசலுக்கு எதிரே இருந்ததைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். துறைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இனி மனை போட்டு விற்கிற எவரும் உன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றார் என் வீட்டுக்காரர். கூப்பிடாவிட்டால் போகட்டும், இட்லி மாவு அரைத்து விற்றுக்கொள்கிறேன் என்றேன். அப்பா மட்டும், "எதுக்குச் சாமி வம்பு? கொழாத் தண்ணியும் காவேரிதானே" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் என்னை இன்னும் கிளப்பிவிட்டது.

மாசி மாதம் தாசில்தார் நேரில் விசாரிக்க வந்தார். நடுத்தர வயது அம்மா. தென்னை மர நிழலில் நாற்காலி போட்டோம். ஒரு பக்கம் முதலாளியும் அவருடைய வக்கீலும். மறு பக்கம் நாங்கள். வக்கீல் எழுந்து, இங்கே பாதை என்று ஒன்று இருந்ததே இல்லை, இரண்டு தென்னை வரிசைக்கு நடுவில் இருக்கிற சந்து அது, தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் மட்டும் நடந்த இடம், வெளியாட்கள் வந்ததாக எந்த ஆதாரமும் கிடையாது என்றார். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக, எங்கள் தாத்தா நடந்தார், பாட்டன் நடந்தார் என்றார்கள். வக்கீல் எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் தட்டினார்: "வாய்ச்சொல்."

தாசில்தார் அம்மா எங்களைப் பார்த்து, "எழுத்துல ஏதாவது இருக்குதாங்க? பழைய பத்திரம், ரசீது, ஏதாச்சும்?" என்று கேட்டார்.

துறையில் எவர் வீட்டிலும் எழுத்து என்று ஒன்றும் இல்லை. கைக்குட்டை எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்டேன். வழவழவென்று காகிதக் கட்டு ஒன்று விரலில் பட்டது. எப்போதும் என் பையில் கிடப்பதுதான். வருகிற போகிறவருக்கெல்லாம் ஒன்று நீட்டுவேன். இரண்டு மாதமாக அதைப் பார்க்கவே கூச்சப்பட்டுக்கொண்டு உள்ளே தள்ளி வைத்திருந்தேன். எழுத்தா? நானே எழுதியது இருக்கிறதே!

ஒரு தாளை உருவி அந்த அம்மா கையில் கொடுத்தேன். "கடைசி வரியப் படிச்சுப் பாருங்க மேடம். பெரிய எழுத்துல இருக்குமுங்க" என்றேன்.

அவர் சத்தமாகவே படித்தார். "தலைமுறை தலைமுறையாக ஊரார் தீர்த்தம் எடுக்க நடக்கும் பாதை, இனி உங்கள் வாசல் வழியே." படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். தலையைத் தூக்கி, சங்கிலி தொங்கிய இடத்தைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"இது உங்க விளம்பரம்தானுங்களே?" என்று முதலாளியைக் கேட்டார்.

"அது… விளம்பரமுங்க மேடம். இந்த அம்மணிதான் எழுதுனாங்க."

"நான்தானுங்க எழுதுனேன்" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை, தோப்பு முழுக்கக் கேட்டது. "ஆனா பாதைங்கறதப் பெருசாப் போடச் சொன்னது அண்ணனுங்க. நான் சின்னதாத்தான் எழுதியிருந்தேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வக்கீல் முதலாளியின் பக்கம் குனிந்து, "இதை ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?" என்று பல்லைக் கடித்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஆனால் முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் மனை விற்கிற எவரும் அந்த வரியைப் பெரிதாகத்தான் போடுவார்கள். தீர்த்தம் என்று சொல்லி விற்காமல் இங்கே என்ன விற்க முடியும்?

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரிக் முதலாளி முன்னால் வந்தார். வீடு கட்டக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தவர், கால் எல்லாம் மண். "மேடம், நான் இந்த வரியப் பாத்துத்தானுங்க மனை வாங்குனேன். பாதை இல்லைன்னா நான் எதை வாங்குனேன்னு இவருதானுங்க சொல்லோணும்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு மனைக்காரர்கள் தலையாட்டினார்கள். முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

பங்குனி பிறந்த முதல் வாரத்தில் உத்தரவு வந்தது. மாட்டுவண்டி அகலத்துக்குப் பாதையை விட வேண்டும், அதைப் பொதுப் பாதையாகப் பதிவு செய்ய வேண்டும். என்ன பெயரில் பதிவது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நான் பேனாவை வாங்கி, "பரிசல்துறைப் பாதை" என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன். பல வருடத்துக்கு முன்னால் பென்சிலால் அடித்த அதே சொல்தான்.

சங்கிலியைக் கழற்றிய அன்றே போய்க் குளியுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "மொதல்ல தீர்த்தம் போவட்டும் கண்ணு. பொறவு நான் போறேன்" என்றார்.

தீர்த்தம் வந்தது. எருமப்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர்கள் அந்த வருடம் இரண்டு மினி லாரி கூடுதலாக வந்தார்கள், விஷயம் பரவியிருந்தது. பாதி எழும்பிய வீடுகளின் முன்னால் மனைக்காரர்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்கள், குடம் சுமப்பவர்களின் காலுக்கு ஊற்ற. கேட் வேண்டும் என்று கேட்டவர்களும் அதில் இருந்தார்கள். முதலாளி சேலத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊற்றினார். அப்பா துறையில் இடுப்பளவுத் தண்ணீரில் கையை விரித்து நின்றார். அன்று அவர் பாதையில் வரவில்லை. வாழைத்தோட்டக்காரரிடம் அன்று ஒரு நாளைக்கு மட்டும் கேட்டுக்கொண்டு, வரப்பு வழியாகச் சுற்றிப் போய்த் தண்ணீரில் இறங்கியிருந்தார், தீர்த்தத்துக்கு முன்னால் பாதையில் கால் வைக்கக் கூடாதென்று. அவ்வளவு வைராக்கியம்.

கூட்டம் கலைந்த பிறகு முதலாளி என்னிடம் வந்தார். முகத்தில் கோபம் இல்லை. "மிச்சம் இருக்கற மனைக்குப் புதுசா ஒரு தாள் எழுதிக் குடுங்க அம்மணி. ஜனங்க பாதையத்தான் கேக்கறாங்க" என்றார்.

"எழுதறேனுங்க அண்ணா. ஹார்பர எடுத்துட்டுத் தொறைன்னு போடுவேன். சரிங்களா?"

"போடுங்க, போடுங்க. பெருசாவே போடுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று.

மறுநாள் விடிந்ததும் அப்பா துண்டைத் தோளில் போட்டு, சோப்பு டப்பாவை எடுத்தார். "தண்ணி வாத்துட்டு வாரேன்" என்றார். நானும் கூடவே போனேன். அவர் முன்னால், நான் நான்கு அடி பின்னால். பாதையின் வாயில் நங்கூரப் பலகை இல்லை. அதே இடத்தில் புதுப் பெயிண்ட் காயாத பலகை நின்றது, பரிசல்துறைப் பாதை என்று. அதன் கீழே நாற்காலியில் அதே ஆத்தூர்க் காவலாளி. அப்பாவைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றார்.

"எங்க போறீங்க ஐயா?" என்று கேட்டார்.

அப்பா நின்றார்.

"தொறைக்குங்க" என்றார் அப்பா.

காவலாளி கையை நீட்டிக் காட்டினார். "நேராப் போங்க ஐயா. எங்கயும் திரும்ப வேணாம். நேராப் போனா துறைதான்."

அப்பா கைகூப்பி, சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தார். பத்தடி போனதும் என் பக்கம் திரும்பினார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டியா கண்ணு," என்றார், "எனக்கு வழி சொல்றான்!"

சொல்லிவிட்டு, அந்தப் பாதையை முதல் தடவையாகப் பார்க்கிறவர் போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, வெறுங்காலோடு நேராகப் போனார்.